உயரப் பறக்கும் பட்டத்துக்கு எந்தக் கயிறு?

உங்கள் கேள்வி இது: 3 சதுர மீட்டர் டெல்டா பட்டம், அதாவது முக்கோண வடிவப் பட்டம், கையில் இருக்கிறது. அதை 1,000 மீட்டர் உயரம் வரை ஏற்றிப் பார்க்க வேண்டும். 100 கிலோ தாங்கும் நைலான் கயிறு 2 கிலோமீட்டர் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. அது போதுமா, அல்லது கெவ்லர், டைனீமா என்ற வலிமையான செயற்கை நார்க் கயிறுகளில் ஒன்றுக்கு மாற வேண்டுமா? ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஆளில்லாத மேய்ச்சல் நிலம் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், வான்வெளி அனுமதிக்கு விண்ணப்பித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த நைலான் போதாது. அது அறுந்துவிடும் என்று நான் பயப்படவில்லை. அது அறாமலே உங்கள் பட்டத்தைப் பாதி உயரத்தில் நிறுத்திவிடும்.

கயிறு வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை கிலோ தாங்கும் என்பதைத்தான். நூறு மீட்டருக்குள் பறக்கும் பட்டத்துக்கு அந்தக் கேள்வி போதும். கிலோமீட்டர் கணக்கில் கயிறு விடும்போது அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று வருகிறது: கயிறு எவ்வளவு தடிமன்? 100 கிலோ தாங்கும் ஒற்றை இழை நைலான் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் இருக்கும். விரலில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். அதையே 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் காற்றில் நிறுத்துங்கள். காற்றுக்கு அது காட்டும் முகப்பரப்பு 2.4 சதுர மீட்டர். உங்கள் பட்டமே 3 சதுர மீட்டர்தான். பட்டமாவது காற்றை வாங்கி மேலே ஏறுகிறது. கயிறு வாங்கிய காற்று முழுவதும் அதைப் பின்னுக்குத் தள்ளத்தான் பயன்படும்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 10 மீட்டர் காற்றில் உங்கள் பட்டம் சுமார் 15 கிலோ இழுக்கும். கயிறு சராசரியாக 45 பாகைச் சாய்வில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நைலான் கயிற்றின் மீது காற்று கொடுக்கும் தள்ளு ஏறக்குறைய 8 கிலோ. எடை இன்னொரு 2.5 கிலோ. பட்டத்தின் உழைப்பில் பாதிக்கு மேல் கயிற்றைத் தூக்கி நிறுத்துவதிலேயே போய்விடுகிறது. அதே 100 கிலோ தாங்கும் டைனீமா கயிறு சுமார் 0.7 மில்லிமீட்டர்தான். காற்றின் தள்ளு 5 கிலோவுக்குக் கீழே வந்துவிடும். 2 கிலோமீட்டரின் எடை 600 கிராம் அளவில் நிற்கும். பருத்தி நூலில் இந்த வலிமை வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். அப்போது கயிற்றின் முகப்பரப்பு பட்டத்தைவிடப் பெரிதாகிவிடும்.

இந்தப் பாடத்தை முதலில் கற்றவர்கள் வானிலை ஆய்வாளர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகே உள்ள புளூ ஹில் ஆய்வகத்தில் 1894 ஆகஸ்ட் 4 அன்று, தானாக வெப்பநிலையைப் பதியும் கருவியைப் பட்டத்தில் கட்டி மேலே அனுப்பினார்கள். அப்போது அவர்கள் பயன்படுத்தியது சாதாரண நூல் கயிறு. உயரம் கூட வேண்டுமென்றால் பட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். பட்டம் பெரிதானால் நூல் தடிக்க வேண்டும். நூல் தடித்தால் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர 1896இல் அவர்கள் பியானோ கம்பிக்கு, அதாவது மெல்லிய எஃகுக் கம்பிக்கு மாறினார்கள். ஒரே தடிமனில் எஃகு நூலைவிட எத்தனையோ மடங்கு கனமானது. இருந்தும் அதே வலிமைக்கு அது மெல்லியதாக இருந்ததால் பட்டங்கள் மேலே போயின. அவ்வளவு கனமான உலோகத்தைக் கொண்டு உயரத்தை வாங்கினார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஜெர்மனியின் லிண்டன்பெர்க் ஆய்வகத்தில் 1919 ஆகஸ்ட் 1 அன்று எட்டுப் பட்டங்களைத் தொடராகக் கட்டி 9,740 மீட்டர் ஏற்றியதும் எஃகுக் கம்பியில்தான்.

இன்றைக்கு நீங்கள் எஃகுக் கம்பியைத் தொடவே கூடாது. மின்கம்பியில் விழுந்தாலும், மேகத்தில் மின்னேற்றம் இருந்தாலும், அடுத்த முனையில் இருப்பது உங்கள் கை. வேறு வழி இல்லாத காலத்தில் அவர்கள் அதைச் செய்தார்கள். நமக்கு வழி இருக்கிறது.

ஒற்றைப் பட்டத்தின் சாதனையைப் பார்த்தால் அந்த வழி தெரியும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கின்கார்டின் என்ற ஊரில் ரிச்சர்ட் சினர்ஜி 2000 ஆகஸ்ட் 12 அன்று 4,422 மீட்டர் ஏற்றினார். அவருடைய பட்டம் சுமார் 25 சதுர மீட்டர். ஆஸ்திரேலியாவின் ராபர்ட் மூர் 2014 செப்டம்பர் 23 அன்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கோபார் அருகே 4,879.54 மீட்டர் ஏற்றி அதை முறியடித்தார். அவருடைய டெல்டா பட்டம் ஏறக்குறைய 12 சதுர மீட்டர்தான். கிட்டத்தட்ட பாதிப் பரப்பு, 450 மீட்டர் கூடுதல் உயரம். அவர் விட்ட கயிறு டைனீமா, 12 கிலோமீட்டருக்கு மேல். 12 கிலோமீட்டர் கயிற்றுக்கு 5 கிலோமீட்டருக்கும் குறைந்த உயரம் என்ற விகிதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலகின் மிக நல்ல கயிற்றையும் காற்று அவ்வளவு சாய்த்துத் தொய்ய வைக்கிறது.

இனி ஒவ்வொரு கயிற்றின் குணத்தையும் சொல்கிறேன்.

நைலானின் தடிமனைச் சொல்லிவிட்டேன். அதன் இன்னொரு கெட்ட குணம் நீட்சி. நல்ல இழுப்பில் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட நீளும். 2 கிலோமீட்டரில் அது 400 மீட்டர். பட்டம் என்ன செய்கிறது என்பது கைக்கு வந்து சேராது. அதைவிட மோசமானது, இறக்கும்போது நடப்பது. நான் இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பட்டம் கட்டிப் பழகியவன். எங்கள் கரையோர மீனவர்கள் தங்கூசி என்று சொல்லும் ஒற்றை இழை நைலானை, பல ஆண்டுகளுக்கு முன் 600 மீட்டர் அளவு ஒரு கனத்த பிளாஸ்டிக் ரீலில் சுற்றி ஏற்றினேன். மாலையில் காற்று கூடிவிட, அவசரமாக இழுத்த இழுப்பிலேயே சுற்றி இறக்கினேன். பட்டம் கைக்கு வந்துவிட்டது. ரீலைத் தரையில் வைத்துவிட்டு, பட்டத்தைக் கயிற்றோடு இணைக்கும் நூல்கட்டான முச்சையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கிறீச் என்று ஒரு சத்தம். பிறகு ரீலின் பக்கத் தட்டு மெல்ல வெளிப்புறமாக வளைந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடு உருளை நெடுகப் பிளந்தது. நீண்டிருந்த நைலான் சுருங்க முயன்று, நூற்றுக்கணக்கான சுற்றுகளும் ஒரே நேரத்தில் உருளையை நெரித்திருக்கின்றன. அந்த நேரத்தில் என் விரல் உள்ளே இருந்திருக்கலாம்.

பாலியெஸ்டர் கயிறு நைலானைவிடக் குறைவாக நீளும், வெயிலைத் தாங்கும், முடிச்சுக்கு நன்றாக அடங்கும், விலையும் குறைவு. 300, 400 மீட்டர் உயரம்வரை நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் பரிந்துரைப்பேன். உங்கள் இலக்குக்கு அது தடிமன்.

கெவ்லர் பெயர் பெற்றது. அதே வலிமைக்கு பாலியெஸ்டரைவிட மிக மெல்லியது, மூன்று நான்கு விழுக்காட்டுக்கு மேல் நீளாது, உருகுவதில்லை. ஆனால் அதன் பலவீனங்கள் கண்ணுக்குத் தெரியாதவை, எனக்கு அதுதான் கவலை. வெயிலில் அதன் இழைகள் மெல்ல வலுவிழக்கும். கூர்மையாக மடக்கினால் நோகும். முடிச்சுக்குள் தன் இழையைத் தானே அறுத்துக்கொள்ளும். போன பருவத்தில் 100 கிலோ தாங்கிய கயிறு இந்தப் பருவத்தில் எவ்வளவு தாங்கும் என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதோடு, இழுப்பில் இருக்கும் கெவ்லர் வேறு கயிற்றின் குறுக்கே உரசினால் அதை அறுத்துவிடும். மனிதத் தோலும் அதற்கு விலக்கல்ல. நெருப்புக்கு அருகே, சூடான இடத்தில் வேலை என்றால் கெவ்லர் நல்லது. பட்டத்துக்கு நான் அதை விட்டுப் பல காலமாகிறது.

ஆகவே டைனீமா. ஸ்பெக்ட்ரா என்ற பெயரிலும் இதே வகை நார் கிடைக்கும். எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலிமை, தண்ணீரைவிட இலேசு, நீரில் மிதக்கும், ஈரத்தை உறிஞ்சாது, வெயிலை நன்றாகத் தாங்கும், நீட்சி மிகக் குறைவு. இதற்கும் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது வெப்பம். சுமார் 145 பாகை செல்சியஸில் உருகிவிடும். நைலானும் பாலியெஸ்டரும் 220 பாகைக்கு மேல் தாங்கும். அசையாமல் நிற்கும் டைனீமாவின் ஒரே இடத்தில் இன்னொரு கயிறு வேகமாக ஓடி உரசினால், கத்தி வைத்தது போலப் போய்விடும். எனவே கயிறு எந்த அசையாத கம்பியையும் ஆணியையும் உரசிக்கொண்டு ஓடக் கூடாது. ஓடும் இடமெல்லாம் சுழலும் கப்பி இருக்க வேண்டும். இரண்டாவது, வழுக்கல். வழக்கமான முடிச்சுகள் அதில் நிற்பதில்லை. இறுகியதாகத் தோன்றும்; இழுப்பு ஏற ஏற வால் மெல்ல உள்ளே நழுவி, கடைசியில் மொத்தமாகக் கழன்றுவிடும்.

முடிச்சைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கயிறு அறும் இடம் பெரும்பாலும் அதுதான். எந்த முடிச்சும் கயிற்றின் வலிமையைக் குறைக்கும். டைனீமாவில் பாதிவரை போய்விடும். 100 கிலோ என்று காசு கொடுத்து வாங்கிய கயிறு, முனையில் ஒரு முடிச்சுப் போட்டதும் 50 கிலோ கயிறாகிவிடுகிறது. நடுவில் துளைவிட்டுக் குழாய் போலப் பின்னப்பட்ட கயிறாக வாங்கினால் முடிச்சே தேவையில்லை. மெல்லிய பித்தளைக் கம்பியை இரண்டாக மடித்து, மடித்த முனையைக் கயிற்றின் உள்துளைக்குள் நுழைத்து, ஒரு சாண் தள்ளி வெளியே எடுங்கள். கயிற்றின் வாலை அந்த மடிப்பில் மாட்டி உள்ளே இழுத்துவிடுங்கள். வெளிக்கயிற்றை விரல்களால் நீவி விட்டால், உள்ளே போன வாலை அது பாம்பு இரையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொள்ளும். இழுப்பு கூடக் கூடப் பிடி இறுகும். இப்படிப் பிணைத்த முனை கயிற்றின் வலிமையில் பெரும்பகுதியைத் தக்கவைக்கும். முதல் தடவை அரை மணி நேரம் பிடிக்கும், பத்தாவது தடவை இரண்டு நிமிடம். இறுக்கமாகப் பின்னிய கயிறுதான் கிடைக்கிறது என்றால், பாலியெஸ்டர் உறை ஒன்றை முனையில் செருகி, உறையோடு சேர்த்து 8 வடிவ முடிச்சு ஒன்றைப் போடுங்கள். உறை முடிச்சின் கூர்மையான வளைவை மழுக்கும், வழுக்கலையும் நிறுத்தும்.

வலிமைக் கணக்குக்கு வருகிறேன். தரையில் உணரும் காற்றை வைத்துக் கயிறு வாங்குவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. உயரம் போகப் போகக் காற்று பெரும்பாலும் வலுக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும். உங்கள் பட்டம் வினாடிக்கு 10 மீட்டர் காற்றில் 15 கிலோ இழுக்கும் என்றேன். 15 மீட்டரில் அது ஏறக்குறைய 34 கிலோ, 20 மீட்டரில் 60 கிலோவைத் தொடும். நான் மேலே எதிர்பார்க்கும் காற்றின் இழுப்பைக் கணக்கிட்டு அதன் மூன்று மடங்கை வாங்குவேன். 15 மீட்டர் காற்றுவரை பறப்பது என்று முடிவு செய்தால் 100 கிலோ சரியாக வரும். பயத்தில் 200 கிலோ வாங்காதீர்கள். இரட்டிப்பு வலிமைக்குத் தடிமன் ஏறக்குறைய 1.4 மடங்காகும், காற்றின் தள்ளும் அதே அளவு ஏறும், உயரம் போய்விடும். காற்று 15 மீட்டரைத் தாண்டப் போகிறது என்று முன்னறிவிப்பு சொன்னால், அன்று பட்டத்தை ஏற்றாதீர்கள். கயிற்றோடு ஒரு சிறிய தராசைக் கோத்து வைத்தால் இழுப்பு 40 கிலோவை நெருங்குவது தெரியும். அப்போதே இறக்கத் தொடங்க வேண்டும்.

நீளம் 2,000 மீட்டர் போதும். நல்ல டெல்டா பட்டம் 1,000 மீட்டருக்கு 1,600 முதல் 1,800 மீட்டர் கயிறு கேட்கும். மீதி ரீலில் எப்போதும் சுற்றியிருக்க வேண்டும். கயிறு விட்டுக்கொண்டே போகும்போது பட்டத்தைப் பார்க்காதீர்கள். அந்த உயரத்தில் அது ஒரு புள்ளி. உங்கள் முன்னால் கயிறு தரையோடு சேரும் கோணத்தைப் பாருங்கள். பட்டத்தின் பக்கத்தில் கயிறு செங்குத்துக்கு அருகே இருக்கும்; கீழே வரவரத் தொய்ந்து படுத்துவிடும். ரீலை விட்டுப் புறப்படும் கயிறு கிடையாகப் படுக்கத் தொடங்கியதென்றால், அதற்கு மேல் விடும் ஒவ்வொரு மீட்டரும் பட்டத்தைத் தூரத்துக்குத்தான் கொண்டுபோகும். அங்கே நிறுத்திவிட்டு, காற்று வலுக்கக் காத்திருங்கள்.

கயிற்றைக் காதாலும் கவனியுங்கள். எங்கள் ஊரில் பட்டத்துக்கு விண் என்னும், காற்றில் ஒலிக்கும் நாணைப் பூட்டி இரவெல்லாம் கூவ விடுவார்கள். படுக்கையில் கிடந்தபடியே காற்று ஏறுவதையும் இறங்குவதையும் அந்தக் கூவலில் அறிந்தவர்கள் நாங்கள். விண் இல்லாத வெறுங்கயிறும் காற்றில் பாடும். மெல்லிய கயிறு உயர்ந்த சுருதியில் பாடும், காற்று வேகமெடுத்தால் சுருதி இன்னும் ஏறும். கயிற்றுக்கு அருகே பத்து நிமிடம் அமைதியாக நின்றால், தரைக்காற்று மாறுவதைத் தராசுக்கு முன்பே காது சொல்லிவிடும்.

இறக்குவதற்கு ஒரே நல்ல முறை நடந்து இறக்குவது. ரீலை வண்டியிலோ தரையில் அறைந்த முளையிலோ உறுதியாகக் கட்டிவிட்டு, நல்ல உருளை கொண்ட கப்பி ஒன்றைக் கயிற்றின் மேல் மாட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பட்டத்தை நோக்கி நடங்கள். கயிறு தரைக்கு அருகே படியும், பட்டம் இறங்கும். தொய்ந்து கிடக்கும் கயிற்றை இன்னொருவர் பின்னால் இலேசான இழுப்பில் சுற்றிக்கொள்ளலாம். இழுப்பில் சுற்றினால் டைனீமாவும் ரீலை நெரிக்கும். மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்து, அடுத்த தடவை விடும்போது மாட்டிக்கொள்ளும். இரண்டு கிலோமீட்டர் என்பதால் நடை பல தடவை திரும்பத் திரும்ப நடக்கும், வெயில் தாழ்வதற்குள் முடிய இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தோல் கையுறை இல்லாமல் கயிற்றைத் தொடாதீர்கள். கையிலோ இடுப்பிலோ ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள். 2021 டிசம்பரில் எங்கள் பருத்தித்துறைப் பகுதியில் பலர் சேர்ந்து பெரிய பட்டம் ஏற்றும்போது, ஓர் இளைஞர் கயிற்றோடு மேலே தூக்கிச் செல்லப்பட்ட காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் உயிர் பிழைத்தார். அந்தக் கயிறு பிடிக்கும் அளவுக்காவது தடிமனாக இருந்தது. 0.7 மில்லிமீட்டர் டைனீமா கையில் ஓடினால் சதையை அறுத்துக்கொண்டு எலும்பில்தான் நிற்கும். இடி மேகம் கண்ணுக்குத் தெரிந்தால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இறக்கத் தொடங்குங்கள். டைனீமா மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அழுக்கும் மழைநீரும் படிந்த கயிறு கடத்தும்.

அனுமதிக்கு விண்ணப்பித்தது மிகச் சரி. ஆஸ்திரேலியாவில் 400 அடிக்கு மேல் பட்டம் ஏற்ற விமானப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். மூரும் அதைப் பெற்றுத்தான் ஏற்றினார். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: பிரிட்டனில் அனுமதி இல்லாமல் 60 மீட்டர்தான். இந்தியாவின் 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம் பட்டத்தையும் விமானம் என்ற சொல்லுக்குள் சேர்த்தது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பட்டம் விடுவதற்கான நைலான், செயற்கை இழை மாஞ்சாவைத் தடை செய்தது. கழுத்தறுபட்டு இறந்த குழந்தைகளையும் பறவைகளையும் நினைத்தால் அந்தத் தடை எனக்குச் சரியாகவே படுகிறது. ஆகவே நான் மேலே சொன்ன எதையும் சென்னை மொட்டைமாடியில் செய்து பார்க்காதீர்கள். கண்ணாடித் தூள் பூசாத கயிறும் ஆள் நடமாட்டத்தின் குறுக்கே விழுந்தால் அறுக்கும்.

ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் கயிற்றை ஒரு பஞ்சு உருண்டைக்குள் ஓடவிட்டுச் சுற்றுங்கள். நைந்த இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தை வெட்டிவிட்டுப் பிணையுங்கள். பட்டத்தை ஒட்டிய கடைசிப் பத்து மீட்டரை நான் ஒவ்வொரு பருவமும் வெட்டி எறிந்துவிடுகிறேன், நன்றாக இருந்தாலும்கூட. பட்டம் ஆடும் ஆட்டமும் இணைப்பின் உரசலும் அங்கேதான் சேர்கின்றன. நீங்கள் வாங்கிய நைலானைத் தூக்கி எறிய வேண்டாம். அனுமதி கிடைக்கும்வரை 100 மீட்டர் உயரத்தில் பட்டத்தின் முச்சையைச் சரிபார்க்க அதில் ஒரு துண்டு உதவும். ரீலில் இழுப்போடு சுற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.